சுமைக்கும் ஓர் அளவு உண்டு!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



போன செமஸ்டரில் எங்கள் லெக்சரர், "பொருள் கையாளுதல் பற்றி ஆளுக்கு ஒரு செமினார் கொடுக்கணும், தலைப்பை நீங்களே எடுத்துக்குங்க" என்றார். கன்வேயர், ஃபோர்க்லிஃப்ட், ஓவர்ஹெட் கிரேன் எல்லாவற்றையும் முன் பெஞ்சுக்காரர்கள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள். கடைசியில் என் முறை வந்தபோது மிச்சம் ஒன்றுமில்லை. நூலகத்தில் ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில் பார்த்த படம் ஞாபகம் வர, "லாமா சார்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. "என்னடா, திபெத்து சாமியாரா?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான்.

சாமியார் இல்லை நண்பர்களே! தென் அமெரிக்காவில் பொதி சுமக்கும் ஒரு விலங்கு. அமெரிக்காவின் ராக்கி மலைகளில் வேட்டைக்குப் போகிறவர்களில் சிலர் இன்று அதன் முதுகில் கூடாரத்தையும் சாப்பாட்டையும் ஏற்றிக்கொண்டு நடக்கிறார்கள்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு ஆர்வம் என்று கேட்கலாம். என் அப்பா அரிசி மண்டியில் லோடுமேன். புத்தகத்தில் 'பொருள் கையாளுதல்' என்று போட்டிருப்பதை எங்கள் வீட்டில் 'மூட்டை தூக்குறது' என்போம். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் சுமை என்று எங்கே படித்தாலும் என் கண் அங்கே நின்றுவிடும். செமினாரில் பத்து நிமிஷத்தில் பெல் அடித்துவிட்டார்கள். அன்று சொல்லாமல் விட்டதை இந்த மலரில் சொல்லிவிடுகிறேன்.

யார் இந்த லாமா?

லாமா ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் திமில் கிடையாது. நீண்ட கழுத்து, வாழைப்பழம் மாதிரி வளைந்த காது, உடம்பெல்லாம் ரோமம். தலை நிமிர்ந்து நின்றால் ஆள் உயரம் இருக்கும். நன்கு வளர்ந்த லாமா 110 முதல் 200 கிலோ வரை எடை இருக்கும்.

ஆண்டிஸ் மலைவாசிகள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குவானாகோ என்ற காட்டு விலங்கைப் பழக்கி இதை உண்டாக்கினார்கள். இன்கா சாம்ராஜ்யத்தில் குதிரை இல்லை, மாட்டு வண்டி இல்லை, சக்கர வண்டியே இல்லை. மலை மலையாகப் போன அந்த ராஜபாட்டைகளில் சுமை போனது மனிதன் முதுகிலும் லாமா முதுகிலும்தான். பிறகு ஸ்பானியர் வந்தபோது பொட்டோசி சுரங்கத்து வெள்ளியையும் இதே லாமாக்கள் சுமந்தன. பொலிவியாவின் உப்புப் பாலைவனத்திலிருந்து உப்பை ஏற்றிக்கொண்டு பள்ளத்தாக்குக்கு இறங்கி, மக்காச்சோளம் வாங்கி வருவது அந்த ஊர்க்காரர்களின் பழைய வழக்கம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒட்டகக் குடும்பமே முதன்முதலில் தோன்றியது வட அமெரிக்காவில்தான், சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். அங்கிருந்து ஒரு கிளை ஆசியாவுக்குப் போய் ஒட்டகமானது. இன்னொரு கிளை சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தெற்கே இறங்கி லாமாவின் மூதாதை ஆனது. வட அமெரிக்காவில் மிஞ்சியிருந்தவை கடைசிப் பனியுகம் முடிந்த சமயத்தில் அழிந்துபோயின. ஆக, இன்று ராக்கி மலையில் பொதி சுமக்கிற லாமா, பாட்டன் ஊருக்கே திரும்பி வந்திருக்கிறது என்று சொல்லலாம்!

வண்டி போகாத காடு

"அமெரிக்காவில் ஜீப்பும் ஹெலிகாப்டரும் இருக்கும்போது எதற்கு லாமா?" என்று செமினாரில் ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் ஒரு சட்டத்தில் இருக்கிறது. 1964-ல் அமெரிக்காவில் காட்டுநிலப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் ஒதுக்கிய காடுகளில் மோட்டார் வண்டி போகக் கூடாது. மோட்டார் மட்டுமல்ல, சைக்கிள்கூடக் கூடாது. மனிதன் நடக்கலாம், விலங்கு நடக்கலாம். அவ்வளவுதான்.

கொலராடோ, வயோமிங், ஐடஹோ, மான்டானா மாநிலங்களில் இப்படிப்பட்ட காடுகள் நிறைய. அங்கே செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை எல்க் வேட்டை நடக்கும். எல்க் என்பது நம் கடமான் ஜாடையில், அதைவிடப் பெரிதாக வளரும் மான். நம் நாட்டில் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை பெரிய குற்றம். அங்கே எண்ணிக்கை பார்த்து, அனுமதிச் சீட்டு கொடுத்து, குறிப்பிட்ட நாட்களில் மட்டும் விடுகிறார்கள். அது சரியா தப்பா என்பது வேறு விவாதம். இங்கே நாம் பார்ப்பது சுமையை மட்டும்.

ஒரு பெரிய ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். எலும்பு நீக்கிய இறைச்சியே ஏறக்குறைய 90 கிலோ தேறும். சுட்டுவிட்டு, கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட முடியாது. தின்னத்தக்க இறைச்சியைக் காட்டில் வீணாக விட்டுவருவது அங்கே பல மாநிலங்களில் சட்டப்படி குற்றம். வெயில் ஏறினால் இறைச்சி கெட்டுப்போகும். காரை நிறுத்திய இடமோ பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி. உயரமோ 3,000 மீட்டர் (நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான்!). வெறுங்கையோடு நடந்தாலே மூச்சு வாங்குகிற இடம் அது.

லாமாவின் அருமை அங்கேதான் தெரியும். அதன் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்ஸிஜன் குறைந்த காற்றிலும் ஆக்ஸிஜனை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பாதத்தில் குளம்பு கிடையாது. இரண்டு விரல், அடியில் தோல் மெத்தை. லாடம் அடிக்க வேண்டியதில்லை. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது என்று முதல் வருஷத்தில் படித்தோமே, ஞாபகமிருக்கிறதா? எடையும் குறைவு, பாதமும் மெத்தை. அதனால் லாடம் அடித்த குதிரை போன தடத்தைவிட லாமா போன தடம் குறைவாகவே சிதையும். போகிற வழியில் புல்லையும் இலையையும் மேய்ந்துகொள்ளும். குதிரையைவிடக் கொஞ்சமாகத் தின்னும், கொஞ்சமாகக் குடிக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

இனி விஷயத்துக்கு வருகிறேன். லாமா மேல் எவ்வளவு ஏற்றலாம்? பழகியவர்கள் சொல்லும் விதி இது: நல்ல பயிற்சியுள்ள, முழுவதும் வளர்ந்த லாமாவுக்கு அதன் உடல் எடையில் கால் பங்கு. மிஞ்சிப் போனால் 30 சதவீதம், அதுவும் நல்ல பாதையில், குறைந்த தூரத்துக்கு. மூன்றரை, நாலு வயதுக்கு முன் முழுச் சுமை ஏற்றக் கூடாது, எலும்பு முற்றியிருக்காது. சீசனுக்கு முன்பே வெறும் சேணத்தோடு நடக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டிப் பழக்க வேண்டும். பட்டியில் சும்மா நின்ற லாமாவை நேராக மலைக்குக் கொண்டுபோவது, பரீட்சைக்கு முதல் நாள் புத்தகம் திறக்கிற மாதிரிதான்.

160 கிலோ லாமா என்று வைத்துக்கொள்வோம். கால் பங்கு 40 கிலோ. சேணமும் பைகளும் அந்த 40-க்குள் அடக்கம். அதைக் கழித்து, பத்திரத்துக்கு இன்னும் கொஞ்சம் விட்டால், பொருளுக்கு மிஞ்சுவது 30 கிலோ.

இரண்டு பேர், ஐந்து நாள் வேட்டை. கணக்குக்காக நானே போட்டுக்கொண்ட எண்கள் இவை:

கூடாரம், படுக்கை, அடுப்பு, மற்ற சாமான்: 60 கிலோ.
சாப்பாடு (ஆளுக்கு நாளுக்கு 1 கிலோ): 10 கிலோ.
போகும்போது மொத்தம் 70 கிலோ. மூன்று லாமா போதும்.

இங்கேதான் புதியவர்கள் ஏமாந்துபோவார்கள். திரும்பும்போது சாப்பாடு தீர்ந்திருக்கும், ஆனால் 90 கிலோ இறைச்சி கூடியிருக்கும். 60-உம் 90-உம் 150 கிலோ. ஆளுக்கு 15 கிலோ தாங்கள் சுமந்தாலும் மிச்சம் 120 கிலோ. நாலு லாமா வேண்டும். மூன்றோடு போனவன் இரண்டு நடை அடிக்க வேண்டும், இல்லையென்றால் சாமானைக் காட்டில் வைத்துவிட்டு மறுபடி வர வேண்டும்.

நாம் டிசைன் பாடத்தில் 'அதிகபட்சச் சுமைக்கு வடிவமைக்க வேண்டும்' என்று படிக்கிறோம். வேட்டைக்காரன் அதையே, "போகிற சுமையைப் பார்க்காதே, வருகிற சுமையைப் பார்" என்று புரிந்துகொள்கிறான்.

இரண்டு பக்கமும் சமம்

லாமாவின் பொதி, கழுதைப் பொதி மாதிரி இரண்டு பக்கமும் தொங்கும். நடுவே சேணம். சேணம் தண்டுவடத்தின் மேல் உட்காரக் கூடாது. இரு பக்கத்து விலா மேல் உட்கார வேண்டும், முதுகெலும்புக்கு மேலே இடைவெளி இருக்க வேண்டும். அடியில் கனமான துணி மெத்தை. அதை ஒட்டிய முள்ளோ, சருகோ, மணலோ இருந்தால் எட்டாவது கிலோமீட்டரில் புண்ணாகிவிடும். அதனால் சேணம் வைக்கும் முன் கையால் முதுகைத் தடவிப் பார்த்துச் சுத்தம் செய்வார்கள். வயிற்றைச் சுற்றி இரண்டு வார்கள். ஏற்றத்தில் பின்னால் வழுக்காமல் இருக்க நெஞ்சுப் பட்டை, இறக்கத்தில் முன்னால் சரியாமல் இருக்க வால் பக்கத்துப் பட்டை.

இரண்டு பையும் சம எடை இருக்க வேண்டும். வேட்டைக்காரர்கள் ஸ்பிரிங் தராசு ஒன்றைக் கையோடு எடுத்துப்போவார்கள். ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு பையையும் தூக்கி நிறுத்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். ஒரு பை 18 கிலோ, இன்னொன்று 15 கிலோ என்று வையுங்கள். நடுவிலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில் தொங்கினால், 3 கிலோ வித்தியாசம் 90 கிலோ-சென்டிமீட்டர் திருப்புத்திறன் ஆகிவிடுகிறது. ஒவ்வோர் அடிக்கும் சேணம் ஒரு பக்கமாகச் சரியும், வார் அறுக்கும். ஒரு பை இளைத்திருந்தால் அதில் ஒரு கல்லைப் போட்டாவது சரிக்கட்டுவார்கள். அப்ளைடு மெக்கானிக்ஸில் 'மொமென்ட்' என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது இந்த இடத்தில்தான், சத்தியமாக!

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வேட்டை சீசனில் காட்டில் துப்பாக்கியோடு பல பேர் இருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் லாமா மான் மாதிரி தெரியும். அதனால் அதன் கழுத்திலும் பொதியிலும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத் துணி கட்டுவார்கள்.

உட்கார்ந்துவிட்டால்?

லாமாவிடம் எனக்கு ரொம்பப் பிடித்த குணம் இதுதான். அளவுக்கு மேல் ஏற்றினால் அது அப்படியே நாலு காலையும் மடக்கி உட்கார்ந்துவிடும். இழுத்தாலும் எழுந்திருக்காது. ரொம்ப வற்புறுத்தினால் காதைப் பின்னுக்கு மடக்கும், தலையைத் தூக்கும், அதற்கும் அடங்காவிட்டால் மூஞ்சியில் துப்பும். வயிற்றிலிருந்து வரும் பச்சைச் சாறு, நாற்றம் தாங்காது என்கிறார்கள்.

நாய்க்குட்டி மாதிரி பழகுமே என்று அடித்து எழுப்பிவிட முடியாது. அனுபவசாலிகள் முதலில் செய்வது பொதியை இறக்குவது. பிறகு வரிசையாகப் பார்ப்பார்கள்: எடை கூடிவிட்டதா? ஒரு பக்கம் சாய்கிறதா? மெத்தை மடிந்திருக்கிறதா? வார் இறுகியிருக்கிறதா? களைத்துவிட்டதா? சூடு தாங்கவில்லையா? பெரும்பாலும் இதில் ஒன்றில் காரணம் இருக்கும். சில லாமா சோம்பலுக்கும் உட்காரும் என்பதும் உண்மைதான். ஆனாலும் முதல் சந்தேகம் சுமை மேல்தான் வர வேண்டும், சுமக்கிறதின் மேல் அல்ல. இது எழுதப்படாத சட்டம்.

குறைகளும் உண்டு

லாமாதான் சிறந்தது என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒரு கோவேறு கழுதை 70 கிலோ சுமக்கும், அதில் பாதிகூட லாமா சுமப்பதில்லை. அதன் மேல் பெரிய ஆள் ஏறிச் சவாரி செய்ய முடியாது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாமும் நடக்க வேண்டும். கடுமையான வெயில் ஆகாது. ஆழமான பனியிலும் சேற்றிலும் திணறும். மந்தை விலங்கு ஆனதால் ஒன்றை மட்டும் கூட்டிப்போனால் துணையைத் தேடிக் கத்திக்கொண்டே இருக்கும், இரண்டாவது வேண்டும். காட்டுச் செம்மறிகளுக்கு நோய் தொற்றிவிடுமோ என்ற பயத்தால் சில இடங்களில் லாமாவுக்கு அனுமதியும் இல்லை, முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். லாமா சுமக்கிறது என்றால் மனிதன் கணக்குப் போட வேண்டும், பொறுமையாகவும் நடக்க வேண்டும். அதற்குத் தயாரில்லாதவனுக்கு லாமா சரிப்படாது.

அப்பாவும் லாமாவும்

செமினார் முடிந்த அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கால் பங்குக் கணக்கைச் சொன்னேன். உட்கார்ந்துவிடும் கதையைச் சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார்.

"கொடுத்து வச்ச ஜீவன்டா அது. நாங்க உக்காந்தா அன்னிக்குக் கூலி இல்ல."

அப்பாவின் எடை 58 கிலோ. அவர் மண்டிக்குப் போன புதிதில் மூட்டை 75 கிலோ. அதாவது உடல் எடையில் 129 சதவீதம். இப்போது பெரும்பாலும் 50 கிலோ மூட்டைதான், அதுவும் 86 சதவீதம். மனிதனும் லாமாவும் ஒன்றில்லை, தெரியும். லாமா ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுமக்கிறது, அப்பா லாரிக்கும் அட்டிக்கும் நடுவே முப்பது அடி. ஆனால் லாரி வந்த நாளில் 150 மூட்டை தூக்குகிறார். 150 பெருக்கல் 50, ஏழரை டன். கணக்கை நோட்டில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் செமஸ்டர் ஃபீஸ் எத்தனை மூட்டை என்று கணக்குப் போட மனசு வரவில்லை.

நான் முதல் வருஷம் படிக்கும்போது லாரிப் பலகையில் ஏறுகையில் அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று மாசம் வேலை இல்லை. அந்த மண்டியின் பேர் இங்கே வேண்டாம். "உனக்கு வயசாயிடுச்சு" என்று மட்டும் சொன்னார்களாம். மூட்டை கனம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சுமை மேல் வர வேண்டிய சந்தேகம் சுமக்கிறவர் மேல் வந்தது.

மனிதனுக்கும் இப்படி ஓர் அளவு உண்டு நண்பர்களே. 1967-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒரு பரிந்துரை செய்தது. வயது வந்த ஆண் தொழிலாளி ஒருவர் கையால் சுமக்கும் அதிகபட்ச எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால், அதைச் சீக்கிரமாக 55-க்குக் குறைக்க வழி செய்ய வேண்டும் என்பது அது. அப்பாவிடம் சொன்னேன். "அப்படியா தம்பி? எங்களுக்கு யாரும் சொல்லலியே" என்றார்.

நாளைக்கு நம்மில் பல பேர் சூப்பர்வைசராகப் போகப்போகிறோம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "அதைத் தூக்கி இங்க வை" என்று ஒருவரைப் பார்த்துச் சொல்லப்போகிறோம். அப்போது அது எத்தனை கிலோ என்று முதலில் கேளுங்கள். தெரியாவிட்டால் நிறுத்துப் பாருங்கள். ஓர் எடை இயந்திரமும் ஒரு கைவண்டியும் வாங்கிப்போட பெரிய செலவில்லை. உட்கார்ந்துவிடும் தைரியம் லாமாவுக்கு உண்டு, கூலிக்காரனுக்கு இல்லை. அவனுக்காக யோசிக்க வேண்டியது நாம்தான்.

எங்கள் பேட்ச் ஃபைனல் புராஜெக்ட்டாக, லாரிப் பலகை மேல் மூட்டையை ஏற்றும் கைவண்டி ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். போன வாரம் அப்பாவை வொர்க்‌ஷாப்புக்குக் கூட்டி வந்து காட்டினேன். தோளில் துண்டோடு வாசலிலேயே தயங்கி நின்றார், கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனேன். வண்டியை ஒரு தடவை தள்ளிப் பார்த்தார். பலகையில் பாதி ஏறியதும் சக்கரம் வழுக்கியது. "பலகை சாய்வு ஜாஸ்திடா. சக்கரத்துக்கு ரப்பர் பத்தல" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். ரப்பரை மாற்றிக்கொண்டிருக்கிறோம். மலர் உங்கள் கைக்கு வருவதற்குள் ஏறிவிடும் என்று நம்புகிறேன்.